மதியம் ஒரு மணிக்கு வெளியே வாருங்கள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. நிரம்பிவிட்டால் உண்டு, அதுவும் பெரியவர்கள் கட்டணத்தைவிடச் சில டாலர்தான் குறைவு. ஒரு நாள் நுழைவுக்கு ஒருவருக்கு 100 டாலருக்கு மேல் ஆகிறது. நெரிசலான விடுமுறை நாட்களில் அது 200 டாலரை ஒட்டிப் போகிறது. விமானச் செலவு, ஹோட்டல் வாடகை, உள்ளே சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பெற்றோருக்கு, பூங்காவுக்குள் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை இருப்பதாகவே தோன்றும். காலையில் கதவு திறக்கும்போது நுழைந்து, இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் என்று மனம் கணக்குப் போடும். நடுமதியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பி, திரைச்சீலையை இழுத்துவிட்டு 3 மணி நேரம் படுப்பது அந்தக் கணக்கில் சுத்த வீண். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறு. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு போகிறவர்கள் அந்த 3 மணி நேரத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அவர்கள் அப்போது விட்டுக்கொடுப்பது அந்த நாளிலேயே மதிப்பு மிகக் குறைந்த 3 மணி நேரத்தைத்தான்.

முதலில் குழந்தையின் பக்கம். 1 முதல் 2 வயதுவரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயதுவரை 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல் பரிந்துரைத்தது. பகல் தூக்கமும் இதில் அடக்கம். வீட்டில் இரவு பத்து மணி நேரமும் மதியம் இரண்டு மணி நேரமும் தூங்கும் ஒரு 3 வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். டிஸ்னியில் அது காலை 7 மணிக்கு எழுந்திருக்கிறது. இரவு 9 மணி வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு, நெரிசலில் நகர்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, அறைக்கு வந்து உடம்பு கழுவிப் படுக்க 11 ஆகிவிடும். மறுநாளும் 7 மணிக்கு எழுப்பினால் கிடைத்த தூக்கம் 8 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் குறைந்தால் மூன்று நாளில் 12 மணி நேரம். அதாவது அந்தக் குழந்தையின் ஒரு முழு நாள் தூக்கம் காணாமல் போயிருக்கும். மதியம் 2 மணி நேரம் தூங்கவைத்தால் இந்தக் குறை அப்படியே பாதியாகிறது. ஊருக்குத் திரும்பித் தூங்கிக்கொள்ளட்டுமே, நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒன்றும் ஆகிவிடாது. நாலு நாள் தூக்கக் குறைவால் குழந்தைக்கு நிரந்தரமான தீங்கு வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. கெடுவது அந்த நாலு நாள்தான். ஆனால் அந்த நாலு நாளுக்காகத்தானே இத்தனை செலவு?

குழந்தைக்கு மட்டும் ஏன் பகலில் தூக்கம் தேவைப்படுகிறது? ஜூரிக் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982ல் முன்வைத்த விளக்கம்தான் இன்றைக்கும் தூக்க ஆய்வுக்கு அடிப்படை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது; தூங்கும்போதுதான் அது வடிகிறது. உடம்பின் கடிகாரம் தனியாக ஒரு சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த அழுத்தம் மெதுவாக ஏறுவதால் 16 மணி நேரம் தாங்குகிறோம். சின்னக் குழந்தைக்கு அது வேகமாக ஏறுகிறது. காலை 7 மணிக்கு எழுந்த 2 வயதுக் குழந்தை மதியம் ஒரு மணிக்குத் தாங்கும் எல்லைக்கு வந்துவிடுகிறது. மதியத்தில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் சோர்வுக்கு இறங்குகிறது. உண்ட களைப்பு என்று நாம் அதைச் சோற்றின் மேல் போடுகிறோம். சாப்பிடாவிட்டாலும் அந்தச் சோர்வு வரும். ஆகவே மதியத் தூக்கத்தைப் பெற்றோர் பழக்கிவிட்ட சொகுசு என்றோ, சுற்றுலாவுக்காகச் சில நாள் நிறுத்திவைக்கக்கூடியது என்றோ எண்ணுவது சரியில்லை. வளரும் மூளை அந்த வயதில் இயங்கும் விதமே அப்படி.

அந்தத் தூக்கம் தவறினால் என்ன நடக்கிறது என்பதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மோனிக் லெபுர்ஜுவா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கு ஒரு நாள் வழக்கமான மதியத் தூக்கத்துக்குப் பிறகும், இன்னொரு நாள் அந்தத் தூக்கம் இல்லாமலும் புதிர்ப் பலகைகள் கொடுக்கப்பட்டன. ஒன்று முடிக்கக்கூடிய புதிர். மற்றதில் ஒரு துண்டு தவறானது; எவ்வளவு முயன்றாலும் பொருந்தாது. குழந்தைகளின் முகங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, தூக்கம் தவறிய நாளில் பொருந்தாத புதிரின் முன் எரிச்சலும் வருத்தமும் 31 சதவீதம் கூடியிருந்தன. இது எந்த அம்மாவுக்கும் தெரிந்த செய்திதான். அடுத்த முடிவுதான் முக்கியம். முடிக்கக்கூடிய புதிரை முடித்தபோது முகத்தில் தெரிய வேண்டிய மகிழ்ச்சி 34 சதவீதம் குறைந்திருந்தது. பொருந்தாத துண்டைப் பார்த்து, இதில் ஏதோ சரியில்லையே என்று குழம்பும் பாவனையும் 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவை பத்தே குழந்தைகள், சிறிய ஆய்வுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் அதே குழந்தையோடுதான் ஒப்பிடப்பட்டது. தவறியது ஒரே ஒரு மதியத் தூக்கம்.

அந்த 34 சதவீதத்தைப் பெற்றோர் நின்று யோசிக்க வேண்டும். அழுகையும் அடமும் கண்ணுக்குத் தெரியும். மாலை 5 மணிக்கு, டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தின் எந்த மூலையிலும் அதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாதது குறைந்துபோன மகிழ்ச்சி. தூங்காத குழந்தை அழாமலே இருக்கலாம். சமர்த்தாக வரிசையில் நிற்கலாம், டம்போ என்ற யானை ரைடில் ஏறலாம், இறங்கலாம். பார்க்கிற அப்பா, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, தாங்கிக்கொள்கிறது என்று முடிவுகட்டுவார். ஆனால் அந்த யானை மேலே எழும்பும்போது குழந்தைக்குள் எழ வேண்டிய துள்ளலில் ஒரு பங்கு எழாமலே போயிருக்கும். எதற்காக இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தார்களோ அதுவே குறைந்துபோகிறது. அது குறைந்தது யாருக்கும் தெரிவதும் இல்லை. மதிய ஓய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழுகையைத் தவிர்க்கும் வழியாகவே அதைச் சொல்கிறார்கள். அது போதாது என்பது என் எண்ணம். அழாத குழந்தைக்கும் அந்தத் தூக்கம் வேண்டும்.

நினைவுக்கும் இதில் பங்கு உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் 2013ல் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 40 பேரைப் படங்கள் இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும் விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். மதியம் தூங்கிய நாளில் நினைவில் நின்றதைவிட, விழித்திருந்த நாளில் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. அன்றிரவு முழுத் தூக்கம் தூங்கிய பிறகும் அந்த இழப்பு ஈடாகவில்லை. வழக்கமாக மதியம் தூங்கும் குழந்தைகளுக்குத்தான் இழப்பு அதிகம். படங்களின் இடத்தை நினைவில் வைப்பதும், சிண்ட்ரெல்லா கோட்டையைப் பார்த்ததை நினைவில் வைப்பதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் காலையில் கண்டதை மூளை பத்திரப்படுத்திக்கொள்ள அந்த வயதில் மதியத் தூக்கம் உதவுகிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. வாழ்நாள் முழுக்க நினைவிருக்க வேண்டும் என்று சொல்லித்தான் பலர் இந்தப் பயணத்துக்குக் காசு சேர்க்கிறார்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வின்படி, 2 வயதுக்கு முன்பே பகல் தூக்கத்தை விட்டுவிடும் குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. 5 வயதுக்குள் 94 சதவீதம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆகவே 2 வயதில் கேள்விக்கே இடமில்லை. 3, 4 வயதில் குழந்தைக்குக் குழந்தை மாறும். 6 வயதில் தூங்கச் சொல்லி வற்புறுத்துவது பெரும்பாலும் வீண். அந்த வயதுக்கு வெயிலையும் சத்தத்தையும் விட்டு விலகி இருப்பதே போதும். ஆனால் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4 வயதுக் குழந்தை வீட்டில் மதியத் தூக்கத்தை விட்டிருந்தால், அது வீட்டு நாளின் அளவுக்குத்தான் பொருந்தும். இரவு எட்டரைக்குப் படுத்து, பாதி நாள் நிழலில் விளையாடும் குழந்தைக்குத் தேவைப்படாத மதியத் தூக்கம், இரவு 11 வரை விழித்திருந்து கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் நாளில் மறுபடி தேவைப்படலாம்.

இனிப் பூங்காவின் பக்கம். ஒரு ரைடு மணிக்கு 1000 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை முதல் மணியில் 600 பேர்தான் வருகிறார்கள், காத்திருப்பே இல்லை. 11 மணியிலிருந்து மணிக்கு 1200 பேர் வருகிறார்கள். மணிக்கு 200 பேர் மிச்சம் நிற்கிறார்கள். 2 மணி ஆகும்போது 600 பேர் வரிசையில் இருக்கிறார்கள். அப்போது போய் நிற்பவருக்கு 36 நிமிடக் காத்திருப்பு. வருகிறவர்கள் குறையாதவரை அந்த வரிசை கரையாது. எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவைதான். ஆனால் உண்மையான பூங்காவில் நடப்பதும் இதுவே. தாமதமாக எழுந்தவர்கள் முற்பகலில் வந்து சேர, சீக்கிரம் வந்தவர்களும் போகாமல் இருக்க, மதியத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கிறார்கள். குழந்தைகளுக்கான ஒரே ரைடில் காலையில் ஒரு மணி நேரத்தில் நாலு முறை ஏறலாம் என்றால், மதியம் அதே ஒரு மணி நேரம் ஒரு முறைக்கே சரியாகிவிடும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே அனுமதி உண்டு. அந்த அரை மணி மதியத்து இரண்டு மணி நேரத்துக்குச் சமம் என்பேன். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கென்றே பல பதிப்புகளாக வந்துகொண்டிருக்கும் பாப் செலிங்கர், லென் டெஸ்டா ஆகியோரின் வழிகாட்டி நூல், காத்திருப்பு நேரங்களைக் கணினியில் அலசித் திட்டம் போட்டுத் தருவதற்குப் பெயர் பெற்றது. நேரத்தை இவ்வளவு கறாராகக் கணக்கிடும் அந்த நூலே, சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மதியம் ஹோட்டலுக்குத் திரும்பி ஓய்வெடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்துகிறது.

கூட்டத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஓர்லாண்டோவில் ஜூலை மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் சேர்ந்து உடம்புக்கு அதைவிட அதிகமாகத் தெரியும். சென்னைக்காரர்களுக்கு 33 டிகிரி ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் சென்னையில் யாரும் 3 வயதுக் குழந்தையை உச்சி வெயிலில் கான்கிரீட் தரையில் ஐந்து மணி நேரம் நடக்கவைப்பதில்லை. குழந்தையின் உடம்புக்கு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனே குறைவு என்ற பழைய கருத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011ல் திருத்திக்கொண்டது. போதுமான தண்ணீரும் ஓய்வும் கிடைத்தால் குழந்தைகள் பெரியவர்களைப் போலவே சமாளிக்கிறார்கள் என்பது அதன் இப்போதைய நிலை. ஓய்வு என்ற நிபந்தனையைப் படிக்காமல் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும் 2 வயதுக் குழந்தைக்குத் தாகம் என்று சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர்வரை மத்திய ஃப்ளோரிடாவில் ஏறக்குறைய தினமும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் கூரையுள்ள இடங்களுக்கு ஓடுவார்கள். ஆக, குழந்தைக்குக் கண் சொக்கும் நேரம், வரிசை மிக நீளும் நேரம், வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. கோடையில் மழை வரும் நேரமும் அதை ஒட்டியே. டிக்கெட் வைத்திருப்பவர் அதே நாளில் வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வரத் தடையில்லை. ஒரு மணிக்கு வெளியேறி 4, 5 மணிக்குத் திரும்புகிறவர் இந்த எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தவிர்த்துவிடுகிறார்.

மதியம் தூங்கவைத்தால் இரவு தூங்காதே என்பார்கள். இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கேரன் தோர்ப் குழுவினர் 2015ல் வெளியிட்ட மதிப்பாய்வு, 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பகலில் தூங்கினால் இரவில் தாமதமாகத் தூங்குகிறார்கள், இரவுத் தூக்கமும் குறைகிறது என்று தெளிவாகவே காட்டுகிறது. குழந்தைகள் காப்பகங்களில் எல்லோரையும் கட்டாயமாகத் தூங்கவைப்பதற்கு எதிராக இதைச் சொல்வது நியாயம். ஆனால் டிஸ்னியில் இரவு 9 மணி வாணவேடிக்கையைக் குழந்தை பார்க்க வேண்டும் என்று நாமே விரும்புகிறோம். தூக்கம் தள்ளிப்போவதுதான் அன்றைக்கு நமக்கு வேண்டியது. வீட்டில் குறையாக இருக்கும் விளைவு இங்கே உதவியாகிறது. மதியம் தூங்காத குழந்தை என்ன செய்யும்? வாணவேடிக்கைக்கு இடம்பிடிக்கக் காத்திருக்கும்போதே அப்பாவின் தோளில் தூங்கிவிடும். முதல் வெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு அழும். மாலை நிகழ்ச்சி எதுவும் வேண்டாம், 7 மணிக்கே அறைக்குத் திரும்பிவிடுகிறோம் என்கிறவர்களுக்கு, 4 வயதுக் குழந்தையை மதியம் தூங்கவைக்க வேண்டிய கட்டாயம் அவ்வளவாக இல்லை. அனிமல் கிங்டம் பூங்காவுக்கு இது நன்றாகப் பொருந்தும். விலங்குகள் இருப்பதால் அங்கே வாணவேடிக்கை இல்லை. மற்றவற்றைவிடச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். காலையில் போய் 2 மணிக்கு ஒரேயடியாக வெளியே வந்துவிடலாம்.

ஸ்ட்ரோலரிலேயே தூங்கட்டுமே என்பது அடுத்தது. ஒரு வயதுக் குழந்தை தள்ளிக்கொண்டு போகும்போதே அரை மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து சிரிக்கும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பூங்காவில் வாடகைக்குத் தரும் ஸ்ட்ரோலர் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. சாய்த்துப் படுக்கவைக்க முடியாது. தலை தொங்கி, பக்கத்தில் மேளச் சத்தம் வந்ததும் விழித்துக்கொள்ளும் தூக்கம் அரைத் தூக்கம்தான். வெளிச்சம் படாமல் இருக்க ஸ்ட்ரோலரைத் துணியால் மூடுவது இன்னும் ஆபத்தானது. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஸ்ட்ரோலர் ஏசி உள்ள கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். நான்கு மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தையை இப்படி உட்கார்ந்த நிலையில் தூங்கவைப்பதைக் குழந்தை மருத்துவர்கள் பொதுவாகவே ஏற்பதில்லை.

எதிர்வாதங்களில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது தூரம் பற்றியது. மேஜிக் கிங்டம் வாசலில் கார் நிறுத்த முடியாது. நடுவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அக்கரையில் காரை விட்டுவிட்டு, பெரும்பாலும் படகிலோ மோனோரயிலிலோ பூங்காவுக்கு வர வேண்டும். வெளி ஹோட்டலில் தங்கியிருப்பவருக்கு ரைடிலிருந்து இறங்கிப் படுக்கையில் படுக்க ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வர இன்னொரு மணி நேரம். ஒன்றரை மணி நேரத் தூக்கத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால் அலுப்புத்தான். ஆகவேதான் இந்த முடிவை மதியம் ஒரு மணிக்கு எடுக்க முடியாது. ஹோட்டல் பதிவு செய்யும் அன்றைக்கே எடுக்க வேண்டும். கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகலாம். பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் இரண்டுக்கும் மோனோரயில் நிற்கிறது. வாடகை மிக அதிகம் என்பதை மறுக்கவில்லை. அதைக் கொடுக்க முடியாதவர்கள் நாளின் வடிவத்தை மாற்றலாம்: ஒரு நாள் காலை மட்டும், மறுநாள் மாலை மட்டும். டிஸ்னியின் பல நாள் டிக்கெட்டில் நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான சராசரி விலை இறங்குகிறது. 2 முழு நாட்களில் அடித்துப் பிடித்துப் பார்ப்பதை 3 அல்லது 4 அரை நாட்களில் பார்ப்பதற்கு ஆகும் கூடுதல் டிக்கெட் செலவு, முதலில் பயந்த அளவுக்கு இருக்காது. இதுவும் முடியாதவர்களுக்கு உள்ளேயே இடம் உண்டு. நான்கு பூங்காக்களிலும் கைக்குழந்தைகளுக்கான பராமரிப்பு மையம் இருக்கிறது. பால் கொடுக்கவும் அமைதியாக உட்காரவும் ஏற்ற இடம். மேஜிக் கிங்டத்தில் கரோசல் ஆஃப் புராக்ரஸ் போன்ற ஏசி அரங்குகளில் 20 நிமிடம் இருட்டில் உட்காரலாம். அறைத் தூக்கத்துக்கு இவை ஈடாகா என்றாலும், 2 மணி வெயிலில் வரிசையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

அறைக்குப் போனாலும் தூங்காது, உற்சாகத்தில் குதிக்கும் என்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தையை நேராக நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறவர்களாக இருப்பார்கள். குளம் வெக்கையைத் தணிக்கும், தூக்கத்தைத் தராது. ஏசியைப் போட்டு, அறையை இருட்டாக்கி, டிவியை அணைத்து, பெரியவர்களும் கூடவே படுத்துவிட்டால் 2, 3 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவை தூங்கிவிடும். பெரியவர்கள் படுப்பதுதான் இதில் முக்கியமான பகுதி. அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கேயோ ஏதோ நடக்கிறது, நமக்குத்தான் கிடைக்கவில்லை என்று குழந்தைக்குத் தோன்றும். 4, 5 வயதில் தூங்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஒரு மணி நேரம் படுத்துக் கதை கேட்டாலே காலுக்கும் காதுக்கும் ஓய்வு.

நேர வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். கோடையில் ஓர்லாண்டோவில் மதியம் ஒரு மணி என்றால் சென்னையில் இரவு பத்தரை. ஊரிலிருந்து வந்த முதல் நாலைந்து நாளுக்கு அந்தக் குழந்தையின் உடம்பு மதியத்தை நள்ளிரவாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டு மணி நேரம் தூங்கவைத்து எழுப்பிவிடுவதுதான் நல்லது. ஐந்து மணி நேரம் விட்டால் இரவு முழுக்க விழித்திருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அங்கேயும் அதே நேரம்தான். கலிஃபோர்னியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஓர்லாண்டோவின் ஒரு மணி என்பது காலை 10 மணி. அவர்களுடைய குழந்தை அப்போது தூங்காது. அவர்கள் ஓய்வை 3 மணிக்குத் தள்ளிவைக்கலாம். மழைக்கும் அதுவே சரியான நேரம். டிஸ்னிக்குப் பதிலாகச் சிங்கப்பூருக்குப் போகிறவர்களின் கதை வேறு. செந்தோசாவின் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிறிய பூங்கா, பெரும்பாலான நாட்களில் மாலையோடு மூடிவிடும். அங்கே நடுவில் வெளியேறித் திரும்புவதைவிட, திறந்ததும் போய் மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது கைக்குழந்தைக் குடும்பத்துக்கு நல்லது.

ஏழு, எட்டு வயது அண்ணன் அல்லது அக்கா இருந்தால்? அவர்களை எதற்கு அறையில் அடைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அம்மாவும் அப்பாவும் பிரிந்துகொள்ளலாம். ஒருவர் சின்னதோடு அறைக்கு, ஒருவர் பெரியதோடு பூங்காவில். டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடும் உண்டு: உயரம் போதாத குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர்கள் ஏறி இறங்கிய பிறகு, இருந்தவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியும் பல தமிழ்க் குடும்பங்களில் டிஸ்னிக்குக் கூடவே வருகிறார்கள். முட்டி வலியோடு, முகம் சுளிக்காமல் நடக்கும் அவர்களும் ஓய்வு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. பேத்தியின் தூக்கத்துக்காக எல்லோரும் திரும்பினால் அவர்களுக்கும் கால் நீட்டப் படுக்கை கிடைக்கிறது.

கிளம்பும் நேரத்தைக் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கண்ணைக் கசக்கி அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால், பஸ்ஸிலேயே பத்து நிமிடம் தூங்கி, அறை வாசலில் விழித்துக்கொண்டு, பிறகு படுக்க மறுக்கும். அசதி முற்றிய குழந்தை தூங்காது, துள்ளும். 11.30க்கே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், அப்போது உணவகங்களிலும் கூட்டம் குறைவு. தூங்கி எழுந்து திரும்ப வருவோம் என்பதைக் காலையிலேயே குழந்தையிடம் சொல்லிவைப்பது நல்லது. சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அது அழும். 12.30க்கு, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலை நோக்கி நடக்க வேண்டும். ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடலாம்.